பில் வந்துவிட்டது, யாருக்குக் கடன்படுவது?

முதலில் வந்த உறைக்குள் இருந்த தாளில் "இது பில் அல்ல" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பியது. நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்தது பில்லேதான்: 7,800 டாலர். அடுத்த வாரம், நாங்கள் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு மயக்க மருந்து மருத்துவர் குழுவிடமிருந்து இன்னொன்று: 2,140 டாலர். 2025 மார்ச்சில் இங்கே அமெரிக்காவில் என் மனைவிக்கு நள்ளிரவில் வயிற்றுவலி வந்து, குடல்வால் அறுவை முடிந்து, ஓர் இரவு தங்கி வீடு திரும்பியதற்கான கணக்கு இது. மொத்தம் 9,940 டாலர். ஊரில் இருக்கும் அம்மாவிடம் ரூபாயில் சொன்னேன், எட்டரை லட்சம் என்று. சிறிது நேரம் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "இன்சூரன்ஸ் எடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

எடுத்திருந்தோம். அதைத்தான் அவருக்கு விளக்க முடியவில்லை. எங்கள் திட்டத்தில் ஆண்டின் முதல் 5,000 டாலர் முழுக்க நம் தலையில். டிடக்டிபிள் என்பது அதுதான். அதற்கு மேல் வருவதில் 20 விழுக்காடு நம்முடையது. நாம் கொடுத்தது 8,000 டாலரைத் தொட்டதும் மீதி நிறுவனத்தின் பாடு. மருத்துவமனையின் விலைப்பட்டியல்படி செலவு 46,000 டாலர். காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி ஏற்றுக்கொண்டது 19,000. அதில் முதல் 5,000, மீதி 14,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 2,800, ஆக 7,800. அந்த 46,000 என்பது துணிக்கடையில் கோடு போட்டு அடித்துக் காட்டும் விலையைப் போன்றது. பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் காப்பீடு இல்லாமல் வருகிறவரிடம் அடிக்காத விலையையே நீட்டுவார்கள்.

எங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு இந்த நிலையில் என்னென்ன வழிகள் உண்டு, எது எதைவிட மேல் என்பதை எழுத நினைக்கிறேன். காரணம், சென்ற மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி, முதல் குழந்தை பிறந்த கையோடு வந்த பில்லைக் காட்டி, "அண்ணா, கார்டில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். நானும் முதல் இரவு அதைத்தான் செய்யப் போனேன். கார்டு எண்ணைப் பாதி தட்டச்சு செய்த நிலையில் தூக்கம் வந்ததால் தப்பித்தேன்.

நம்மில் பலரும் வழிகளை ஒப்பிடும்போது வட்டியைத்தான் பார்க்கிறோம். அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பணத்தைக் கட்டிய பிறகு நான் யாருக்குக் கடன்காரன்? மருத்துவமனைக்கா, வங்கிக்கா, வசூல் நிறுவனத்துக்கா, அப்பாவுக்கா? கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பு 2022-இல் அமெரிக்காவில் 10 கோடிப் பேர் மருத்துவச் செலவால் கடன்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது. மருத்துவமனைக்கு நேரடியாகப் பாக்கி வைத்தவர்கள் மட்டுமல்ல, கார்டில் ஏற்றியவர்களும் உறவினரிடம் வாங்கியவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். மேலுக்குக் கடன் ஒன்றுதான். ஆனால் கை மாறும்போது அதன் குணமும் மாறிவிடுகிறது.

மருத்துவமனையின் கையில் இருக்கும்வரை பில் என்பது இன்னும் பேசி முடிக்கப்படாத ஒரு தொகை. அதில் தவறு இருக்கலாம், தள்ளுபடி கேட்கலாம், தவணை கேட்கலாம், முறையிடலாம். கார்டைத் தேய்த்த கணமே மருத்துவமனைக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். அவர்களுக்கு நம்மோடு பேச இனி எந்த அவசரமும் இல்லை. வங்கிக்கோ அது மளிகைக்கு வாங்கிய கடனும் டிவிக்கு வாங்கிய கடனும் போல இன்னொரு கடன். மருத்துவக் கடனுக்கு என்று இந்த நாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது.

சாதாரண கிரெடிட் கார்டைவிட மோசமானது மருத்துவக் கார்டு. பல் மருத்துவர், கண் மருத்துவர் அறைகளில் வரவேற்பு மேசையிலேயே விண்ணப்பத்தை வைத்திருப்பார்கள். "பதினெட்டு மாதம் வட்டியே இல்லை" என்பார்கள். உண்மைதான், பதினெட்டாம் மாத முடிவுக்குள் கடைசி டாலர் வரை கட்டிவிட்டால். கட்டாவிட்டால் வட்டி மிச்சத்துக்கு மட்டும் என்று நிற்காது. முதல் நாளிலிருந்து வட்டி. எங்கள் 7,800 டாலரை 27 விழுக்காடு வட்டியில் அப்படி ஒரு கார்டில் போட்டு மாதம் 300 கட்டியிருந்தால், பதினெட்டு மாத முடிவில் 2,400 பாக்கி இருந்திருக்கும். அந்த 2,400 டாலருக்காக, அதுவரை தள்ளி வைத்திருந்த வட்டி இரண்டாயிரத்துக்கு மேல் ஒரே நாளில் தலையில் விழும். ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டியவன் ஏறக்குறைய பாதி வழிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஊரில் கந்துவட்டிக்காரர்கூட வட்டியை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகளில் இப்படித் தள்ளிவைக்கப்பட்ட வட்டியாக மட்டும் மக்கள் 100 கோடி டாலர் கட்டியதாக அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2013-இல், கேர்கிரெடிட் என்ற மருத்துவக் கார்டு விற்கப்பட்ட விதத்தில் ஏமாந்தவர்களுக்கு 3.41 கோடி டாலர் வரை திருப்பித் தரும்படி அதே அமைப்பு உத்தரவிட்டது.

கார்டுக்கு நேர் எதிரே நிற்பது மருத்துவமனையின் சொந்தத் தவணைத் திட்டம். வட்டி பெரும்பாலும் இல்லை, அல்லது மிகக் குறைவு. கடன் மருத்துவமனையோடேயே நிற்கிறது. நியூயார்க்கில் 2024 அக்டோபர் முதல், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களிடம் மாத வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் தவணை கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நியூஜெர்சி மருத்துவக் கடனுக்கான வட்டியை 3 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கிறது. நாங்கள் இருக்கும் ஒஹையோவில் இப்படி இல்லை. ஆனாலும் தொலைபேசியில் கேட்டதும் இருபத்து நான்கு மாதம் வட்டியில்லாமல் தர ஒப்புக்கொண்டார்கள். மாதம் 325 டாலர். நல்ல வழிதான். ஆனால் இதற்கும் உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. தவணை போட்டால் தொகையை ஏற்றுக்கொண்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தொகை சரிதானா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லையே.

கத்தரிக்காய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் நிற்கிறவர்கள் நாம். அதே ஆட்கள் அமெரிக்க மருத்துவமனையின் பில்லைக் கண்டால் கோவில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம். அச்சடித்துவிட்டால் மாறாது என்ற நினைப்பு. உண்மையில் முதலில் வரும் தாளில் "அறுவை அரங்கம்", "மருந்துகள்", "பரிசோதனைகள்" என்று நான்கைந்து மொத்த வரிகள்தான் இருக்கும். வரிவாரியான பில், ஒவ்வொரு செயலுக்கும் உரிய குறியீட்டு எண்ணோடு, கேட்டால்தான் தருவார்கள். நாங்கள் கேட்டு வாங்கிய ஏழு பக்கத்தில் வயிற்று ஸ்கேன் இரண்டு முறை இருந்தது. மனைவி ஒரு முறைதான் அந்த இயந்திரத்துக்குள் போனார். மருத்துவமனையிடம் இரண்டு அழைப்பு, காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்று, ஒரு கடிதம். ஏற்றுக்கொண்ட விலை 19,000-இலிருந்து 17,600 ஆனது. எங்கள் பங்கு 7,520. ஐந்து அழைப்புக்கு 280 டாலர். ஒரு அழைப்புக்கு 56 டாலர் கூலி என்று மனைவி கணக்குப் போட்டார்.

மயக்க மருந்துக் குழுவின் பில் கதை வேறு. மருத்துவமனை எங்கள் காப்பீட்டின் ஒப்பந்தத்துக்குள் இருந்தது, அவர்கள் இல்லை. முன்பெல்லாம் இப்படித்தான் பலர் சிக்கினார்கள்: மயக்கத்தில் கிடப்பவர் எந்த மருத்துவர் ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று எழுந்து கேட்கவா முடியும்? 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் இதைத் தடுக்கிறது. அவசரச் சிகிச்சையிலும், ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இல்லாத மருத்துவர் வந்து பார்த்தாலும், நாம் ஒப்பந்தப் பங்கை மட்டும் கொடுத்தால் போதும். மீதியை அவர்களும் காப்பீட்டு நிறுவனமும் தங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் ஒரே ஒரு முறை எழுதினேன். 2,140 டாலர் 220 ஆனது. பேரம்கூட இல்லை, விவாதமும் இல்லை. பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர் 2,140-ஐயும் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு இல்லை. அன்றிரவு பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் அழைத்துப் போனார். அறிந்து செய்த காரியம் இல்லை, அதிர்ஷ்டம். காப்பீடே இல்லாதவர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது: முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

இவ்வளவும் தொகையைச் சரிபார்க்கும் வேலை. சரியான தொகையையும் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் அதுதான். ஆங்கிலத்தில் அதைச் 'சாரிட்டி கேர்' என்று அழைத்து வைத்திருக்கிறார்கள். பெயரே பாதிப் பேரை விரட்டிவிடும். மனைவியும் முதலில், "நாம் என்ன கையேந்துகிற நிலையிலா இருக்கிறோம்?" என்று கேட்டார். அமெரிக்க மருத்துவமனைகளில் பாதிக்கு மேல் லாப நோக்கற்றவை என்று பதிவு பெற்றவை. அதனால் அவை வருமான வரி கட்டுவதில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாக, 2010-ஆம் ஆண்டின் ஒபாமா காலச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த 501(ஆர்) என்ற வரிச் சட்டப் பிரிவின்படி, எழுத்து வடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதை நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கட்டாத வரிக்கு ஈடாக நமக்குச் சேர வேண்டியது இது. இப்படிச் சொன்ன பிறகுதான் மனைவி சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்தார்.

யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தானே வகுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் கூட்டரசு வறுமைக்கோட்டின் மடங்குகளில் இருக்கும். 2025-இல் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு 32,150 டாலர். சில இடங்களில் இரண்டு மடங்கு வரை, சில இடங்களில் நான்கு மடங்கு வரை ஏதாவது ஒரு தள்ளுபடி. நான்கு மடங்கு என்றால் 1,28,600 டாலர். ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் ஐ.டி. குடும்பங்கள் பல அதற்குள் வந்துவிடும். எங்கள் வருமானம் 90,000, அதாவது 2.8 மடங்கு. அந்தப் படிக்கு 40 விழுக்காடு தள்ளுபடி. காப்பீடு இருந்தாலும், காப்பீடு போக நம் பங்குக்கு உதவி கேட்கலாம் என்பது எங்கள் மருத்துவமனையின் கொள்கையின் நான்காம் பக்கத்தில் இருந்தது. தொலைபேசியில் பேசிய பெண் முதலில் "காப்பீடு உள்ளவர்களுக்கு இல்லை" என்றார். பக்க எண்ணைச் சொன்னதும் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, படிவத்தை அனுப்புவதாகச் சொன்னார்.

7,520-இல் 40 விழுக்காடு போக 4,512. இப்போது அதே இருபத்து நான்கு மாதத் தவணை: மாதம் 188 டாலர். முதல் வாரமே தவணைக்குத் தலையாட்டியிருந்தால் 325 கட்டிக்கொண்டிருப்போம். கார்டில் ஏற்றியிருந்தால் எதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பது, யாரிடம் கேட்பது?

இரண்டு தேதிகள் முக்கியம். வீடு திரும்பிய பிறகு வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை இந்த விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். முதல் 120 நாளில் வழக்குப் போடுவது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பதிவு வைக்கும் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் புகார் அனுப்புவது போன்ற கடும் நடவடிக்கைகளில் இறங்கக் கூடாது. இவை லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கான விதிகள். அங்கேயே வேலை பார்த்தாலும் தனியாகப் பில் அனுப்பும் மருத்துவர் குழுக்களை இவை எப்போதும் கட்டுப்படுத்துவதில்லை. படிவம் நிரப்பக் கஷ்டமாக இருந்தால் 'டாலர் ஃபார்' என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக உதவுகிறது. விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்கு இடைஞ்சலாகுமோ என்று அஞ்சி இதைத் தொடுவதே இல்லை. மருத்துவமனை தன் கணக்கிலிருந்து தரும் தள்ளுபடி அரசு உதவித்தொகை அல்ல. சில மாநிலங்களில் அரசுப் பணமும் இதில் கலந்திருக்கும்; அங்கே மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வங்கியில் போட்டிருந்த நிரந்தர வைப்பை முறித்து அனுப்புகிறேன் என்றார். வட்டி இல்லை, படிவம் இல்லை, கேள்வி இல்லை. காகிதத்தில் பார்த்தால் எல்லா வழிகளையும்விட மலிவானது இதுதான். ஆனால் அது அவர் தன் மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணம். அவருக்கு வயது எழுபத்து இரண்டு. "வேண்டாம் அப்பா, இங்கே பேசிக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். "ஆஸ்பத்திரியில் போய் யாராவது பேரம் பேசுவார்களா?" என்று வருத்தப்பட்டார். இந்த வழியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

வரியில்லாத சுகாதாரச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதிலிருந்து எடுப்பதில் யாருக்கும் கடன் இல்லை. தொகையைக் குறைத்து முடித்த பிறகு அதைத் தொடலாம். கையில் பணம் இருந்தால் சொந்தமாகக் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்து, சில ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் 600 டாலர்தான் இருந்தது. 401கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து கடன் வாங்குவது பார்க்க நன்றாக இருக்கும், வட்டியும் நமக்கே திரும்பும். வேலை போனால்தான் வினை. எச்1பி வேலை விசாக்காரருக்கு வேலை போனால் புது வேலை தேட அறுபது நாள். அந்த அறுபது நாளில் இந்தக் கடனையும் எப்படித் தீர்ப்பது என்று யோசிக்க வேண்டிவரும். என் பட்டியலில் இது கார்டுக்கு ஒரு படி மேலே மட்டும் இருக்கிறது.

இணையத்தில் நிதி திரட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 2016 முதல் 2020 வரை கோஃபண்ட்மீயில் தொடங்கப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ வேண்டுகோள்களை ஆராய்ந்தவர்கள், இலக்கைத் தொட்டவை சுமார் 12 விழுக்காடு என்று கண்டார்கள். 16 விழுக்காட்டுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. நம் தமிழ்க் குழுக்களில் அப்படி ஒன்று போட்டால் கொஞ்சம் சேரும் என்பது உண்மை. அந்தப் பையில் கை வைப்பதற்கு ஓர் இறப்பு, ஒரு புற்றுநோய், தனியாக நிற்கும் ஒரு தாய் என்று காரணம் வேண்டும். குடல்வாலுக்கு அதைச் செலவழித்துவிட்டால் நாளைக்கு உண்மையாகத் தேவைப்படுபவருக்கு ஊர் களைத்துப்போயிருக்கும்.

கட்டாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். பலர் வேறு வழியில்லாமல் அதில்தான் நிற்கிறார்கள். மருத்துவ பாக்கி வசூலுக்குப் போனாலும் ஓராண்டு வரை கடன் மதிப்பீட்டில் ஏறாது, 500 டாலருக்குக் கீழே என்றால் ஏறவே ஏறாது. இவை மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்றும் 2022, 2023-இல் தாமாகக் கொண்டுவந்த மாற்றங்கள். எல்லா மருத்துவக் கடனையும் மதிப்பீட்டிலிருந்து நீக்கும் அரசு விதி ஒன்று 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்துவிட்டது. வசூல் நிறுவனத்தின் கையில் விழுந்த கடன் தொந்தரவானது: அவர்கள் வழக்குப் போடலாம், பல மாநிலங்களில் சம்பளத்திலிருந்தே பிடிக்க வைக்கலாம். அவர்கள் கடிதம் வந்த முப்பது நாளுக்குள் கடனை நிரூபிக்கும்படி எழுதிக் கேட்டுவிட வேண்டும், தவறவிடக் கூடாது. பழைய மருத்துவக் கடன்களைச் சல்லி விலைக்கு மொத்தமாக வாங்கித் தள்ளுபடி செய்யும் 'அன்ட்யூ மெடிக்கல் டெட்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, ஆனால் அதனிடம் நாம் விண்ணப்பிக்க முடியாது. ஒருநாள் தபாலில் தானாகக் கடிதம் வந்தால் உண்டு.

திவால் மனு என்பது பத்தாயிரம் டாலருக்கான வழி அல்ல. திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயப்படி போடும் மனு மருத்துவக் கடனைத் துடைத்துவிடும், பத்தாண்டு கடன் மதிப்பீட்டில் நிற்கும். மருத்துவச் செலவால்தான் அமெரிக்கர்கள் திவாலாகிறார்கள் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, திவாலானவர்களில் 66.5 விழுக்காட்டினர் மருத்துவத்தையும் ஒரு காரணமாகச் சொன்னதாகக் கூறுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொன்று, மருத்துவமனையில் சேர்ந்ததால் மட்டும் நேர்ந்த திவால் 4 விழுக்காடுதான் என்கிறது. முதலாவது "என்ன காரணம்?" என்று மனிதர்களைக் கேட்டது, இரண்டாவது மருத்துவமனைக்குப் போனவர்களின் கணக்கைப் பின்தொடர்ந்தது. நீண்ட நோய், வேலை இழப்பு, லட்சக்கணக்கில் பில் என்று மூன்றும் சேர்ந்து வந்தவர் மட்டும் இந்த வழிக்காக வழக்கறிஞரைப் பார்க்கலாம், அதுவும் ஓய்வூதியக் கணக்கைக் காலி செய்வதற்கு முன்னால். அந்தக் கணக்கைத் திவால் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை.

அலுவலகத் தம்பியின் பில் 6,300 டாலர். வரிவாரியான பில்லை வாங்கியிருக்கிறார். அவருடைய மருத்துவமனையின் கொள்கை மூன்று மடங்கு வரைதான், அவர் வருமானம் அதைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் படிவத்தில் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு என்று எழுதியிருந்தார். குழந்தையைச் சேர்க்கவில்லையா என்று கேட்டேன். சிறிது நேரம் என்னைப் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்தார்.